பூட்டு மெயிலுக்கா, ஆளுக்கா?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

நெய்வேலியிலிருந்து பேசுறேன். நம்ம இன்னிக்குப் பேசப்போறது, பிரவுசர்ல திறக்கிற மெயிலை ஒரு எக்ஸ்டென்ஷன் வச்சு என்க்ரிப்ட் பண்றது பத்தி. டெக்னிக்கலா இருக்கேன்னு உடனே அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க, கோடிங் எதுவும் கிடையாது. நம்ம ஊர்ல நடந்த ஒரு விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை. சென்னையில 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வருது. வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு பெற்றோர் பள்ளி வாசலுக்கு ஓடுறாங்க. மோப்ப நாயோட வெடிகுண்டு நிபுணர்கள் போய்த் தேடுறாங்க. கடைசியில எல்லாமே புரளி. மெயில் வந்தது ப்ரோட்டான் மெயில்ங்கிற சுவிட்சர்லாந்து சேவை வழியா. அனுப்பினது யாருன்னு பிடிக்க முடியல. அதனால அந்தச் சேவையையே முடக்கணும்னு தமிழ்நாடு காவல்துறை கேட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 69ஏ பிரிவுல முடக்குறதுக்கான வேலையும் நடந்தது. சுவிஸ் அதிகாரிகள் நம்ம அரசோட பேசினதுல அது அப்போதைக்கு நின்னுச்சு. அப்புறம் 2025 ஏப்ரல் 29-ல, வேறொரு வழக்குல, பெண் ஊழியர்களைப் பத்தி ஆபாச மெயில் வந்த புகார்ல, ப்ரோட்டான் மெயிலை முடக்க நடவடிக்கை எடுங்கன்னு கர்நாடக உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது.

அப்போ செய்தியில, டிவியில, வாட்ஸ்அப்ல எல்லாம் திரும்பத் திரும்ப வந்த வார்த்தை "என்க்ரிப்டட் மெயில்". சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பள்ளிகளுக்கு வந்த மெயில் பூட்டியா இருந்தது?

இல்லையே. பள்ளி அலுவலகத்துல திறந்தாங்க, படிச்சாங்க, போலீசுக்குக் காட்டினாங்க. ப்ரோட்டான்ல இருந்து இன்னொரு ப்ரோட்டான் கணக்குக்குப் போற மெயில்தான் தானா முழுசா பூட்டிக்கும். வெளியில வேற மெயில் முகவரிக்குச் சாதாரணமா அனுப்பினா, அது மத்த மெயில் மாதிரியேதான் போய்ச் சேரும். போலீசுக்கு மெயில்ல என்ன எழுதியிருக்குங்கிறது நல்லாவே தெரியும். யார் எழுதினதுங்கிறதுதான் தெரியல.

இன்னிக்கு நான் சொல்ல வர்றது இந்த ஒரே விஷயம்தான். "யார்" என்பதை மறைக்கிறது வேற, "என்ன" என்பதை மறைக்கிறது வேற. என்க்ரிப்ஷன் ரெண்டாவது வேலையைத்தான் செய்யுது. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினா, மிரட்டல் விடுறவனும் மாட்ட மாட்டான், வக்கீலுக்கு ஆவணம் அனுப்புற சாதாரண மனுஷனுக்குப் பூட்டும் இருக்காது.

இதுக்கு ப்ரோட்டானோட கதையிலேயே சாட்சி இருக்கு. 2021-ல பிரான்ஸ்ல ஒரு பருவநிலைப் போராட்டக்காரர் விஷயத்துல சுவிஸ் சட்டப்படி உத்தரவு வந்தப்போ, அவரோட ஐபி முகவரியை அந்த நிறுவனம் பதிவு பண்ணிக் கொடுத்தது. மெயில்ல என்ன இருந்ததுன்னு கொடுக்கல. கொடுக்கவும் முடியாது, ஏன்னா சாவி அவங்ககிட்ட இல்ல. "யார்" வெளியே போச்சு, "என்ன" உள்ளேயே இருந்தது.

மெயில் எங்கெங்க திறந்து கிடக்கு?

பிரவுசர் மேல பூட்டுப் படம் இருக்கே, அது போதாதான்னு கேப்பீங்க. அந்தப் பூட்டு உங்க கம்ப்யூட்டர்ல இருந்து ஜிமெயில் சர்வர் வரைக்கும் போற பாதைக்கு. மூடின வேன்ல கடிதம் போற மாதிரி. வழியில யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனா வேன் போய்ச் சேர்ற இடத்துல கடிதம் திறந்துதான் இருக்கும். ஸ்பேம் பார்க்கிறது, தேடல்ல எடுத்துக் கொடுக்கிறது, பதிலுக்கு வாக்கியம் சொல்லிக் கொடுக்கிறது எல்லாம் சர்வர் அந்த மெயிலைப் படிக்க முடியறதாலதான். விளம்பரத்துக்காக ஜிமெயிலைப் படிக்கிறதை நிறுத்துறோம்னு கூகுள் 2017-லதான் அறிவிச்சது. அதுவும் "அந்தக் காரணத்துக்காகப் படிக்க மாட்டோம்"ங்கிற வாக்குறுதிதான். படிக்கவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல.

இது கூகுளைத் திட்டுறதுக்காகச் சொல்லல. 2025 செப்டம்பர்ல ஜோஹோவோட அரட்டை செயலி திடீர்னு ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம ஊர் செயலின்னு எல்லாரும் சந்தோஷமா இறக்கினோம். அப்போ எழுந்த முதல் கேள்வியே, "மெசேஜுக்கு முழு என்க்ரிப்ஷன் இருக்கா?" அழைப்புகளுக்கு இருந்தது, எழுத்து மெசேஜுக்கு அப்போ இல்ல. அமெரிக்க நிறுவனமோ தென்காசிக்காரரோ, கேள்வி ஒண்ணுதான்: சாவி யார்கிட்ட?

டெண்டர் பெட்டி

சாவி யார்கிட்டன்னு புரிய நெய்வேலிக்காரங்களுக்கு நல்ல உதாரணம் கையிலேயே இருக்கு. நம்ம டவுன்ஷிப்லயும் மந்தாரக்குப்பத்துலயும் காண்ட்ராக்ட் எடுக்கிற குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டு மேசை டிராயர்ல ஒரு யூஎஸ்பி டோக்கன் கிடக்கும். டிஎஸ்சின்னு சொல்லுவாங்க, டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ். அரசாங்க மின் டெண்டர்ல விலை போடுறப்போ அதைச் சொருகித்தான் போடணும்.

மத்திய அரசு தளத்துல டெண்டர் போட்டா உள்ளே என்ன நடக்குது தெரியுமா? நீங்க ஏத்துற ஆவணத்தை, டெண்டரைத் திறக்கப்போற அதிகாரிகளோட பொதுச் சாவியால பூட்டுறாங்க. திறக்கிற நாள்ல அந்த அதிகாரிங்க தங்களோட தனிச் சாவியைப் போட்டாத்தான் திறக்கும். நடுவுல சர்வரைப் பார்த்துக்கிற ஆளுக்கு உங்க விலை தெரியாது. தெரிஞ்சா போட்டிக்காரன்கிட்ட போயிடும்ல? இங்கே ரகசியம்ங்கிறது நேர்மையைக் காப்பாத்துறதுக்கு. அதே சமயம் டெண்டர் போட்டது யாருன்னு டோக்கனே கையெழுத்துப் போட்டுச் சொல்லிடுது. "யார்" திறந்திருக்கு, "என்ன" பூட்டியிருக்கு. ரெண்டும் ஒரே பெட்டியில.

மெயில் என்க்ரிப்ஷனும் இதே கணக்குதான். 1976-ல டிஃபி, ஹெல்மன்னு ரெண்டு பேர் பொதுச் சாவிங்கிற யோசனையை வெளியிட்டாங்க. அடுத்த வருஷம் ஆர்எஸ்ஏ வந்தது. 1991-ல ஃபில் ஜிம்மர்மேன்ங்கிற அமெரிக்கர் இதைச் சாதாரண ஜனங்களோட மெயிலுக்குக் கொண்டுவந்து பிஜிபின்னு ஒரு நிரலை வெளியிட்டார். அதுக்காக ஆயுதம் ஏற்றுமதி பண்ணின மாதிரி அவர் மேல அமெரிக்க அரசு விசாரணை நடத்தி, 1996-லதான் கைவிட்டது. அந்த பிஜிபியோட பொதுத் தரம்தான் ஓபன்பிஜிபி. நம்ம எக்ஸ்டென்ஷன்கள் பயன்படுத்துறது இதைத்தான்.

எக்ஸ்டென்ஷன் என்ன பண்ணுது?

பிரபலமானது ரெண்டு. ஒண்ணு மெயில்வெலோப், ஜெர்மனியிலிருந்து வர்றது, இலவசம், மூல நிரல் திறந்தது. ஜிமெயில், அவுட்லுக், யாஹூன்னு பலதுல வேலை செய்யும். இன்னொண்ணு ஃப்ளோகிரிப்ட், முக்கியமா ஜிமெயிலுக்கு. மெயில்வெலோப்பை வச்சே சொல்றேன்.

முதல்ல, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எதுலயாவது அதிகாரப்பூர்வக் கடையிலிருந்தே நிறுவுங்க. அதே மாதிரி பேர்ல இருக்கிற வேற எதையும் தொடாதீங்க.

ரெண்டாவது, சாவி ஜோடி உருவாக்குங்க. பேர், மெயில் முகவரி, கூடவே ஒரு நீளமான கடவுச்சொற்றொடர். இது உங்க ஜிமெயில் பாஸ்வேர்டா இருக்கவே கூடாது. உடனே அந்தச் சாவியை ஃபைலா இறக்கி ஒரு பென்டிரைவ்ல போட்டுப் பத்திரப்படுத்துங்க. ஏன்னா இதுல "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்" பட்டன் கிடையாது. சாவி தொலைஞ்சா பழைய மெயில் எல்லாம் உங்களுக்கே கல்வெட்டு.

மூணாவது, உங்க பொதுச் சாவியை நண்பருக்குக் கொடுங்க. அவரோடதை வாங்குங்க. பொதுச் சாவியை ஊருக்கே ஒட்டி வைக்கலாம், ஆபத்தில்ல. அது பூட்ட மட்டும்தான் உதவும், திறக்க உதவாது.

நாலாவது படியை எல்லாரும் தாண்டிடுவாங்க. வந்த சாவி உண்மையிலேயே அவரோடதானா? நடுவுல ஒருத்தன் தன் சாவியை நீட்டியிருந்தா, நீங்க அவனுக்குத்தான் பூட்டி அனுப்புறீங்க. அதனால ஒவ்வொரு சாவிக்கும் கைரேகைன்னு 40 எழுத்து இருக்கும். போன் போட்டு, குரலை அடையாளம் கண்டு, நாலு நாலா வாசிச்சுச் சரிபாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. மொத்தப் பாதுகாப்பும் இந்த ரெண்டு நிமிஷத்துல இருக்கு.

அப்புறம் மெயில் எழுதுறது. ஜிமெயிலோட வழக்கமான பெட்டியில எழுதாதீங்க. நீங்க டைப் பண்ணப் பண்ண அது வரைவா கூகுள் சர்வர்ல சேமிச்சுக்கிட்டே இருக்கும். எழுதி முடிச்சுப் பூட்டினா, குதிரை ஓடின பிறகு லாயத்தைப் பூட்டின கதைதான். அதனாலதான் மெயில்வெலோப் தனி ஜன்னல் ஒண்ணு திறக்குது. அதுல எழுதி, அதுலயே ஃபைலை இணைச்சு, பூட்டி, அதுக்கப்புறம்தான் ஜிமெயில்கிட்ட கொடுக்கும். ஜிமெயில் கண்ணுக்குத் தெரியறது பத்து வரிக்குப் புரியாத எழுத்துக் குப்பைதான்.

எது மறையாது?

விக்கிறவன் மாதிரி நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது. இதுல எது மறையாதுன்னு கவனமாக் கேளுங்க.

அனுப்புறவர், பெறுபவர், நேரம், சப்ஜெக்ட் வரி, நாலுமே திறந்துதான் இருக்கும். சப்ஜெக்ட்ல "பாய்லர் பராமரிப்பு முறைகேடு ஆதாரம்"னு எழுதிட்டு உள்ளே பூட்டினா யாருக்கு லாபம்? "சும்மா ஒரு விஷயம்"னு போடுங்க. முக்கியமா, யார் யாருக்கு எழுதினாங்கங்கிறதே ஆபத்தான இடத்துல இந்த எக்ஸ்டென்ஷன் உதவாது.

உங்க கம்ப்யூட்டரே அடுத்தவங்க கையில இருந்தா இது ஒண்ணுமே பண்ணாது. ஆபீஸ் லேப்டாப், ஐடி துறை கண்காணிக்கிற மெஷின், பிரவுசிங் சென்டர், எங்கேயுமே வேண்டாம். நீங்க திரையில படிக்கிறதை அந்த மெஷினும் படிக்கும்.

இதுக்குப் பெரிய உதாரணம் பீமா கோரேகாவ் வழக்கு. கைதான ரோனா வில்சனோட லேப்டாப்பை ஆராய்ஞ்ச ஆர்செனல் கன்சல்டிங்ங்கிற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம், 2021-ல வெளியான அறிக்கையில என்ன சொன்னதுன்னா, 2016 ஜூன்ல அவருக்குத் தெரிஞ்சவரோட மெயில் கணக்கிலிருந்து வந்த ஒரு இணைப்பைத் திறந்ததுல நெட்வயர்ங்கிற உளவு நிரல் உள்ளே புகுந்தது, 22 மாசத்துக்கு மேல அந்த மெஷின் வேற ஒருத்தர் கட்டுப்பாட்டுல இருந்ததுன்னு. புலனாய்வுத் தரப்பு அதை ஏத்துக்கல. வழக்கோட சரி தவறுக்குள்ள நான் போகல. நமக்கான பாடம் இதுதான்: தெரிஞ்சவர் முகவரியில இருந்து வந்துட்டா தெரிஞ்சவர் அனுப்பினதுன்னு அர்த்தமில்ல. இங்கேதான் எக்ஸ்டென்ஷனோட இன்னொரு பாதி, கையெழுத்து. ஒருத்தரோட மெயில் பாஸ்வேர்டைத் திருடினவன்கிட்ட அவரோட தனிச் சாவி இருக்காது. வழக்கமா கையெழுத்தோட எழுதுற ஆள்கிட்ட இருந்து கையெழுத்தில்லாம ஒரு இணைப்பு வந்தா, திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுவீங்கல்ல?

இன்னும் சில தொல்லைகள் இருக்கு. பூட்டின மெயில்ல ஜிமெயில் தேடல் வேலை செய்யாது. என்னிக்காவது தனிச் சாவி களவு போனா, அதுக்குப் பூட்டின பழைய மெயில் எல்லாமே திறந்திடும். சிக்னல் மாதிரி செயலிகள்ல சாவி மாறிக்கிட்டே இருக்கிறதால அந்தப் பிரச்சினை குறைவு. மொபைல்ல இதுக்குத் தனிச் செயலி வேணும். 2018-ல ஈஃபெயில்னு ஒரு ஓட்டையை ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினாங்க, அதனால எக்ஸ்டென்ஷனை எப்பவும் அப்டேட்டா வச்சிருங்க.

எல்லாத்துக்கும் மேல, இது கஷ்டம். சும்மா சொல்லல, 2015-ல அமெரிக்காவுல பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மெயில்வெலோப்பை 20 பேர்கிட்ட, பத்து ஜோடியா உட்கார வச்சுக் கொடுத்தாங்க. ஒரு பூட்டின மெயிலை ஒருத்தர் அனுப்பணும், மத்தவர் படிக்கணும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல முடிச்சது ஒரே ஒரு ஜோடி. அதுக்கப்புறம் எக்ஸ்டென்ஷன் மாறியிருக்கு. ஆனா பொதுச் சாவி எது, தனிச் சாவி எது, யாரோடதால பூட்டணும்ங்கிற குழப்பம் மட்டும் மாறல. அதனாலதான் டெண்டர் பெட்டிக் கதையை அவ்வளவு நேரம் சொன்னேன்.

அப்போ இது யாருக்கு?

நண்பனோட சினிமாக் கதை பேச வாட்ஸ்அப்பே போதும். அதுலயே முழுப் பூட்டு இருக்கு. ஆனா மெயில்லதான் அனுப்பியாகணும்ங்கிற இடங்கள் உண்டு. வக்கீல், மருத்துவர், ஆடிட்டர், பத்திரிகையாளர்.

நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. 2020-ல நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்துல மே 7, ஜூலை 1 ரெண்டு நாளும் பாய்லர் விபத்து நடந்தது. ஜூலை 1 அன்னிக்கு ஆறு பேர் அங்கேயே இறந்தாங்க, சிகிச்சையில இருந்தவங்கள்லயும் பலர் பிறகு இறந்தாங்க. அப்படியொரு இடத்துல வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட பாதுகாப்பு பத்தி ஒரு ஆவணம் இருந்தா, அதை எப்படி வெளியே கொடுப்பார்? 2023 ஜூலையில வளையமாதேவியில சுரங்க விரிவாக்கத்துக்காக நெற்பயிர் நிக்கிற வயல்ல இயந்திரம் இறங்கினதை எல்லாரும் பார்த்தோம். நிலம் கொடுத்த குடும்பங்கள் பட்டா, ஆதார், வங்கி விவரம் எல்லாத்தையும் சென்னையில இருக்கிற வக்கீலுக்கு அனுப்புறாங்க. பெரும்பாலும் பஜார்ல ஒரு கடைக்காரரோட மெயில்ல இருந்தே. அந்த ஃபைல் அந்தக் கணக்கோட "அனுப்பியவை"ல வருஷக்கணக்கா கிடக்கும். இவங்க யாரும் தங்களை மறைக்க விரும்பல. பேர், ஊர், கையெழுத்து எல்லாம் போட்டுத்தான் எழுதுறாங்க. உள்ளே இருக்கிறது படிக்க வேண்டியவர் மட்டும் படிக்கட்டும்னுதான் கேக்குறாங்க. அந்தக் கடைக்காரரை மாத்த முடியாது. ஆனா அந்த வீட்டுல இன்ஜினியரிங் படிச்ச பையனோ பொண்ணோ, சொந்த லேப்டாப்போட இருக்காங்கல்ல? அது நீங்கதான்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவுல மெயிலைப் பூட்டுறது குற்றம் இல்ல. 2017 ஆகஸ்ட் 24-ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு புட்டசாமி வழக்குல சொல்லிடுச்சு. அதே நேரம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-வது பிரிவுப்படி, நாட்டின் பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு மாதிரி காரணங்களுக்காக முறையா உத்தரவு வந்தா, திறந்து காட்ட உதவணும். மறுத்தா ஏழு வருஷம் வரைக்கும் சிறை. ஆக, பூட்டு சட்டத்துக்கு மேல இல்ல. ஆனா திறக்கச் சொல்றவங்க வாசல்ல வந்து, உங்களைப் பார்த்துக் கேக்கணும். உங்களுக்குத் தெரியாம பின்பக்கமா நிறுவனத்துக்கிட்ட வாங்கிட்டுப் போக முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அது பெரிய வித்தியாசம்.

2015 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு என்க்ரிப்ஷன் கொள்கை வரைவு வெளியிட்டது. பூட்டி அனுப்புற எல்லாத்தோட திறந்த பிரதியையும் 90 நாள் வச்சிருக்கணும்னு அதுல இருந்தது. எதிர்ப்பு கிளம்பி உடனே வாபஸ் வாங்கினாங்க. யோசிச்சுப் பாருங்க, டெண்டர் விலையைப் பூட்டிப் போட்டுட்டு அதோட ஒரு பிரதியைத் திறந்தே மேசை மேல வைக்கிற மாதிரி.

இப்போ சென்னைப் பள்ளிகளுக்கே திரும்பி வர்றேன். அந்தப் பெற்றோரோட பயம் நிஜம். அந்த மெயிலை அனுப்பினவனைப் பிடிக்கணும், அதுல ரெண்டு கருத்தே இல்ல. ஆனா அவன் பயன்படுத்தினது பேர் மறைக்கிற வசதி. அதுக்கான பதில் எல்லை தாண்டின சட்ட ஒத்துழைப்பு, வேகமான விசாரணை. ஒரு மெயில் சேவையை முடக்கினா அவன் அடுத்த இலவசக் கணக்குக்குப் போவான். பூட்டு எங்கேயும் போகாது, ஜிமெயில்லயே ஒரு எக்ஸ்டென்ஷனா உட்கார்ந்திருக்கும். முடக்கினதுல நஷ்டப்படுறது, பேர் போட்டு எழுதிட்டிருந்த மத்தவங்கதான்.

இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்களுக்கு நம்பிக்கையான ஒரே ஒருத்தரைப் பிடிங்க. ரெண்டு பேரும் நிறுவுங்க, சாவியை மாத்திக்கோங்க, போன்ல கைரேகையை வாசிங்க, ஒரு மெயில் அனுப்பிப் பாருங்க. ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க. தேவை வர்ற அன்னிக்கு உட்கார்ந்து கத்துக்க நேரம் இருக்காது.

அடுத்த எபிசோட்ல, அந்த பென்டிரைவ் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு, பேக்கப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும், சாவி பத்திரம்.